சாட்சி சொல்வது எப்படி? நன்றியில் தொடங்கும் ஒரு முழுமையான வழிகாட்டி

"சாட்சி சொல்ல யாராவது இருக்கீங்களா?" என்று போதகர் கேட்டதும் பெஞ்சுகளில் பாதிப் பேர் குனிந்து வேதாகமத்தைப் புரட்ட ஆரம்பிப்பார்கள். எழும்பி, ஆண்டவர் தங்களுக்குச் செய்ததைச் சொல்கிற நாலைந்து பேர் ஒவ்வொரு மாதமும் அதே நாலைந்து பேர்தான். மற்றவர்களுக்கு விசுவாசம் இல்லை என்று அர்த்தமில்லை. என்ன சொல்வது, எங்கே நிறுத்துவது, யாராவது தப்பாக எடுத்துக்கொள்வார்களோ என்ற கூச்சம்தான். பக்கத்து வீட்டிலும் அலுவலகத்திலும் பேசுவதென்றால் அந்தக் கூச்சம் இரண்டு மடங்காகிவிடும்.

என் கருத்து எளிமையானது. நன்றி சொல்லப் பழகியவருக்குச் சாட்சி தனிப் பாடமாக வராது. மாற்கு 5-ஆம் அதிகாரத்தில், குணமான மனிதன் இயேசுவோடு கூடவே வருகிறேன் என்று கேட்கிறான். அவர் அவனை அனுப்பியது வீட்டுக்கு. கர்த்தர் உனக்குச் செய்ததை உன் ஜனங்களுக்குச் சொல் என்பதுதான் அவனுக்குக் கிடைத்த வேலை. பிரசங்கம் பண்ணு, வாதாடி ஜெயி என்று சொல்லவில்லை. அந்த அளவில் நின்றாலே நம்மில் பலருடைய பயம் போய்விடும்.

திருநெல்வேலி, தூத்துக்குடி, குமரிப் பக்கத்து சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபைகளின் வழக்கத்தை மனதில் வைத்து எழுதுகிறேன். உங்கள் சபை வேறாக இருந்தால் முறைகள் கொஞ்சம் மாறும். சாரம் மாறாது.

1. ஒரு ஸ்தோத்திர நோட்டு போடுங்கள்

பிள்ளைகள் எழுதி மிச்சம் வைத்த நோட்டு போதும். ராத்திரி குடும்ப ஜெபத்துக்கு உட்காரும் முன் தேதி போட்டு இரண்டு வரி எழுதுங்கள். இதில் ஒரே விதி, பொதுவாக எழுதக்கூடாது. "இந்த நாளைக் கொடுத்தீரே, ஸ்தோத்திரம்" என்று தினமும் எழுதினால் ஒரு வாரத்தில் கை மட்டும் எழுதும், மனசு வேறெங்கோ இருக்கும். "கரண்ட் பில் கட்ட வைத்திருந்த பணத்தில் ஸ்கூல் பீஸ் போனது. பின்னே என்ன செய்ய என்று உட்கார்ந்திருந்தபோது தம்பி பழைய கடனைத் திருப்பித் தந்தான்" என்று எழுதிப் பாருங்கள். ஆறு மாதம் கழித்துப் படித்தாலும் அந்த நாள் அப்படியே கண்முன் வரும்.

எழுத எதுவும் தோன்றாத நாளில் ஜெப புத்தகத்தில் உள்ள பொதுவான ஸ்தோத்திர ஜெபம் கைகொடுக்கும். 1662-ஆம் ஆண்டு ஆங்கிலிக்கன் ஜெப புத்தகத்தில் இடம்பெற்ற ஜெபம் அது. முதலில் நம்மைப் படைத்ததற்கு நன்றி, அப்புறம் காத்துவந்ததற்கு, அப்புறம் இந்த வாழ்க்கையில் கிடைத்த நன்மைகளுக்கு, எல்லாவற்றுக்கும் மேலாக மீட்புக்கு என்று அது ஒரு வரிசையில் போகும். அந்த வரிசையில் ஒவ்வொன்றின் கீழும் இன்று நடந்த ஒன்றைப் போட்டுப் பாருங்கள். "காத்துவந்ததற்கு" என்ற இடத்தில்தான் எப்போதும் நிறைய இருக்கும். பஸ் பிரேக் அடித்தது, பால் பொங்கி அடுப்பு அணைந்ததைக் கவனித்தது, பையன் மரத்திலிருந்து விழுந்தும் சிராய்ப்போடு போனது.

இந்த நோட்டை யாருக்கும் காட்ட வேண்டாம். பின்னால் சாட்சி சொல்ல எழும்பும்போது உங்கள் சரக்கு இதிலிருந்துதான் வரப்போகிறது.

2. கடவுளுக்கு முன்னால் மனிதருக்கு நன்றி சொல்லிவிட்டீர்களா?

விசுவாசிகள் சறுக்குகிற இடம் இது. பெண்ணுக்கு வேலை கிடைத்ததும் சபையில் காணிக்கை போடுவார்கள். மூன்று வருஷம் காசு வாங்காமல் கணக்குச் சொல்லிக்கொடுத்த வாத்தியார் வீட்டுப் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டார்கள். "எல்லாம் ஆண்டவர் செய்தது" என்ற பேச்சு உண்மையாக இருக்கலாம். ஆனால் அதைக் கேட்கும் வாத்தியாருக்கு எப்படி இருக்கும்? அவர் வேறு மதத்தவராக இருந்தால், இவர்களுடைய கடவுள் நன்றிகெட்டவர்களை உண்டாக்குகிறார் என்றுதானே நினைப்பார்?

எனவே நோட்டில் எழுதிய ஒவ்வொரு நன்மைக்கும் எதிரே, அது யார் கையால் வந்தது என்று ஒரு பெயர் எழுதுங்கள். நர்ஸ், ஆட்டோக்காரர், ரேஷன் கடையில் இடம் பிடித்துத் தந்த அக்கா. வாரத்தில் ஒருவரையாவது நேரில் பார்த்தோ போனிலோ நன்றி சொல்லுங்கள். "உங்களுக்காக ஆண்டவருக்கு ஸ்தோத்திரம் சொன்னேன்" என்று கூடச் சேர்த்துச் சொல்ல விரும்பினால் சொல்லலாம். அதுவே ஒரு சாட்சி. வேறு விளக்கம் தேவையில்லை.

3. சாட்சியை எழுதி ஆயத்தப்படுத்துங்கள்

"ஆவியானவர் அந்த நேரத்தில் வார்த்தை தருவார்" என்று எழுதாமல் போகிறவர்கள் உண்டு. தருவார், மறுக்கவில்லை. ஆனால் அப்படிப் போகிறவர்களில் பலர் இருபது நிமிடம் பேசிவிட்டு, சொல்ல வந்ததைச் சொல்லாமலே உட்கார்ந்துவிடுகிறார்கள். உபாகமம் 26-ல் முதற்பலனைக் கூடையில் கொண்டுவரும் இஸ்ரவேலனுக்குச் சொல்ல வேண்டிய வார்த்தையே எழுதிக் கொடுக்கப்பட்டிருக்கிறது. எங்கள் தகப்பன் யாராயிருந்தான், எகிப்தில் என்ன பட்டோம், கர்த்தர் எப்படிக் கொண்டுவந்தார், இதோ அவர் தந்த நிலத்தின் கனி. நாலு செய்தி, ஐந்தாறு வசனம், முடிந்தது. அதைவிட நல்ல சட்டகம் நமக்குக் கிடைக்காது.

மூன்று நிமிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலில், அடிக்கடி கேட்கும் மாதிரி ஒன்று:

"என் தாயாருக்குப் பயங்கரமான வியாதி வந்தது. டாக்டர்கள் எல்லாரும் கைவிட்டுவிட்டார்கள். ஆனால் ஆண்டவர் ஒரே இராத்திரியில் அற்புத சுகம் தந்தார். அல்லேலூயா."

இதில் என்ன நடந்தது என்றே தெரியவில்லை. கூட ஆஸ்பத்திரிக்கு வந்த பக்கத்து வீட்டுக்காரருக்கு டாக்டர் கைவிடவே இல்லை என்பது தெரியும். அவர் சபையில் இருந்தால் அந்த ஒரு வாக்கியத்தோடு மீதி எல்லாவற்றையும் சந்தேகப்படுவார். அதே விஷயத்தை இப்படிச் சொல்லலாம்:

"போன ஐப்பசியில அம்மாவுக்கு டெங்கு. நாலாம் நாள் பிளேட்லெட் இருபத்திரண்டாயிரத்துக்கு இறங்கிட்டு. வார்டுக்கு வெளிய உட்கார்ந்திருந்தேன், ஜெபம் பண்ணக்கூட வார்த்தை வரல. 'ஆண்டவரே, அம்மா'ன்னு மட்டும் சொல்லிக்கிட்டே இருந்தேன். எங்க எதிர்வீட்டு அண்ணன் நம்ம சபை இல்ல. ராத்திரி பதினோரு மணிக்கு இட்லி வாங்கிட்டு வந்து, விடியும்வரை கூட உட்கார்ந்திருந்தாங்க. நர்சம்மா மணிக்கொரு தடவை வந்து பார்த்தாங்க. ரெண்டு நாள் கழிச்சு எண்ணிக்கை ஏற ஆரம்பிச்சுது. அம்மா இதோ ரெண்டாவது பெஞ்சுல இருக்காங்க. மூட்டு வலி இன்னும் விடல. அந்த ராத்திரி ஆண்டவர் என்னை விட்டுட்டுப் போகலன்னு எனக்குத் தெரிஞ்சுது. அவருக்கு ஸ்தோத்திரம்."

இரண்டாவதில் பயம் இருக்கிறது, உதவியவர் இருக்கிறார், இன்னும் தீராத மூட்டு வலியும் இருக்கிறது. யாரும் இதை மறுக்க முடியாது. யோவான் 9-ல் பார்வை பெற்றவன் பரிசேயரிடம் சொன்னதும் இந்த வகைதான். மற்றதெல்லாம் எனக்குத் தெரியாது, குருடனாயிருந்தேன், இப்போது காண்கிறேன். தெரிந்ததை மட்டும் சொன்னான்.

எழுதி முடித்ததும் சத்தமாக வாசித்து இந்த மூன்றையும் பாருங்கள். நடந்ததைவிடப் பெரிதாக்கியிருக்கிறீர்களா? கதாநாயகர் நீங்களாகிவிட்டீர்களா? "நான் முழங்காலில் நின்றேன், நான் உபவாசித்தேன், நான் விசுவாசித்தேன்" என்று வரிசையாக வந்தால் இரண்டை அடித்துவிடுங்கள். அப்புறம், இன்னொருவரின் ரகசியம் ஏதாவது உள்ளே இருக்கிறதா? மகனின் குடிப்பழக்கமும் மருமகளின் கர்ப்பமும் அவரவர் அனுமதியில்லாமல் மைக்கில் வரக்கூடாது. சபையில் சொன்னது சாயங்காலத்துக்குள் ஊர் சுற்றி வந்துவிடும் என்பது உங்களுக்குத் தெரியாததா?

4. சபையில் எழும்பிச் சொல்லும்போது

முன்கூட்டியே போதகரிடமோ உபதேசியாரிடமோ ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள். மைக்கை வாய்க்கு நேரே கொஞ்சம் தள்ளிப் பிடித்தால் இரையாது. பேப்பரைப் பார்த்து வாசித்தாலும் குற்றமில்லை. அழுகை வந்தால் நிறுத்தி, மூச்சு விட்டுத் தொடருங்கள். யாரும் அவசரப்படுத்த மாட்டார்கள்.

முக்கியமானது வேறொன்று. நீங்கள் "குழந்தை தந்தார்" என்று சொல்லும்போது, பத்து வருஷமாக அதே ஜெபத்தைச் செய்துவரும் ஒரு தம்பதி மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள். உங்கள் நன்றியை அவர்களுக்காக விழுங்கிவிடத் தேவையில்லை. ஆனால் "விசுவாசத்தோடு கேட்டால் கண்டிப்பாகக் கிடைக்கும், எனக்குக் கிடைத்ததே சாட்சி" என்ற வரியை மட்டும் விட்டுவிடுங்கள். அந்த வரி அவர்களிடம், "உங்களுக்கு விசுவாசம் போதவில்லை" என்று சொல்கிறது. அது உண்மையுமில்லை, உங்களுக்குச் சொல்லும் உரிமையுமில்லை. சாட்சி முடிந்ததும் கூட்டத்தில் அவர்களைத் தேடிப்போய்ச் சும்மா பேசிவிட்டு வருவது இன்னும் நல்லது.

வியாதி சுகமானதைச் சொல்லும்போது மருந்தை நிறுத்தினேன் என்ற பேச்சே வேண்டாம். கேட்டுக்கொண்டிருக்கும் சர்க்கரை நோயாளி ஒருவர் நாளைக் காலை இன்சுலினை நிறுத்திவிட்டால் அதற்கு யார் பொறுப்பு?

பொருத்தனை பண்ணியிருந்தால், அதாவது "இது நடந்தால் சபையில் சாட்சி சொல்லுவேன்" என்று ஆண்டவரிடம் சொல்லியிருந்தால், தள்ளிப்போடாதீர்கள். வாய் வராது என்றால் எழுதிக் கொடுத்துப் போதகரை வாசிக்கச் சொல்லலாம்.

5. காணிக்கையும் அசனமும்

நன்றியைக் கையாலும் சொல்ல நம் சபைகளில் வழிகள் நிறைய. பிறந்தநாளுக்கும் திருமண நாளுக்கும் ஸ்தோத்திரக் காணிக்கைக் கவர். தினமும் உலையில் போடும் முன் ஒரு கைப்பிடி அரிசி எடுத்துத் தனியாக வைத்து, சபைக்குக் கொண்டுவரும் கைப்பிடி அரிசி. இந்தக் கைப்பிடி அரிசி எனக்கு மிகவும் பிடித்த வழக்கம். அரிசிப் பானையைத் திறக்கும் ஒவ்வொரு நாளும் நன்றி சொல்லாமல் மூட முடியாது. நகரத்துக்குப் போன குடும்பங்களில் இது நின்றுபோனது வருத்தம்தான். குக்கரில் வைத்தாலும் ஒரு கைப்பிடி எடுக்க என்ன கஷ்டம்?

அறுப்பின் பண்டிகை ஏலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஆலய முற்றத்தில் வாழைத்தார், தேங்காய், பூசணிக்காய், காலைக் கட்டிப் போட்ட சேவல், சில சமயம் ஒரு வெள்ளாட்டுக் குட்டி. ஒருவர் ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டி விலை கூப்பிடுவார். ஐம்பது ரூபாய்ப் பூசணிக்காய் ஆயிரத்துக்கும் போகும். வாங்கியவர் திரும்பவும் ஏலத்துக்கே கொடுப்பார், மறுபடியும் ஏலம் போகும். பிள்ளைகளுக்கு இது கொண்டாட்டம். நீங்கள் செய்ய வேண்டியது, ஏதாவது ஒன்றைக் கொண்டுபோவதுதான். தோட்டம் இல்லாவிட்டால் சந்தையில் வாங்கிய கீரைக்கட்டு போதும். யார் அதிகம் கூப்பிட்டது என்று பெருமை பேச ஆரம்பித்தால் மட்டும் காணிக்கை வேறெதுவாகவோ ஆகிவிடும்.

பண்டிகையை ஒட்டி நடக்கும் அசனத்தில், அதாவது சபை விருந்தில், பந்தியில் உட்காருங்கள். எல்லாரும் ஒரே வரிசையில் உட்கார்ந்து ஒரே சோற்றைச் சாப்பிடுவது நம் ஊரில் சின்ன விஷயம் இல்லை. பரிமாறுகிற வேலையைக் கேட்டு வாங்குங்கள். அக்கம்பக்கத்தாரைக் கூப்பிடுங்கள், வர முடியாதவர்களுக்குத் தூக்குவாளியில் கொண்டுபோய்க் கொடுங்கள். அழைப்பு சாப்பாட்டுக்கு மட்டும் இருக்கட்டும். சாப்பிட வந்தவர் கையில் கைப்பிரதியைத் திணிக்க வேண்டாம்.

6. வேறு நம்பிக்கை உள்ளவர்களிடம்

வெள்ளாளன்விளையில் பிறந்த பேராயர் அசரியா, 1903-ல் திருநெல்வேலியில் இந்திய மிஷனரி சங்கம் தொடங்கக் காரணமாயிருந்தவர்களில் ஒருவர். பிறகு தெலுங்கு நாட்டில் தோர்ணக்கலுக்குப் போய், 1912-ல் அங்கே பேராயரானார். அங்கே ஞானஸ்நானம் பெற்றவர்களைத் தங்கள் தலையில் கைவைத்து, "நான் ஞானஸ்நானம் பெற்ற கிறிஸ்தவன், சுவிசேஷத்தை அறிவிக்காவிட்டால் எனக்கு ஐயோ" என்ற கருத்தில் சொல்லவைப்பார். அவர்களில் பெரும்பாலோர் படிப்பறியாத கூலித்தொழிலாளிகள். பட்டம் பெற்ற ஊழியர்கள் மட்டும் பேச வேண்டும் என்று அவர் நினைக்கவில்லை என்பதுதான் இதில் நமக்கான விஷயம்.

ஆனால் எப்படிப் பேசுவது? 1 பேதுரு 3:15-ஐக் கவனமாகப் படியுங்கள். நம்பிக்கையைப் பற்றி "விசாரித்துக் கேட்கிற" யாவருக்கும் பதில் சொல்லத்தான் ஆயத்தமாயிருக்கச் சொல்கிறது, அதுவும் சாந்தத்தோடும் வணக்கத்தோடும். கேள்வி முதலில் வரவேண்டும். கேள்வி வருகிற மாதிரி வாழ்வது நம் பாகம். நம்மில் பலர் கேட்காத கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

கேள்வி வந்தால் எப்படி இருக்கும் என்று பாருங்கள். கணவரை இழந்த ஒரு பெண்ணிடம் பக்கத்து வீட்டு அக்கா திண்ணையில் உட்கார்ந்து கேட்கிறார்:

"ஏட்டி, நீ எப்படி இப்படித் தைரியமா இருக்கே? நானா இருந்தா படுத்திருப்பேன்."

"எங்கக்கா தைரியம்? ராத்திரியெல்லாம் அழுகைதான். காலையில ஒரு சங்கீதம் வாசிச்சு, இயேசப்பாகிட்ட புலம்பிட்டுத்தான் எந்திரிக்கேன். அவரு கூட இருக்காருன்னு நம்புதேன். அதான் ஓடுது."

இதற்கு மேல் ஒரு வார்த்தையும் வேண்டாம். அக்கா அடுத்த கேள்வி கேட்டால் சொல்லலாம். கேட்காமல் "சரி, காபி குடி" என்றால் காபி குடியுங்கள்.

யாராவது கஷ்டத்தைச் சொன்னால் "உங்களுக்காக ஜெபம் பண்ணிக்கிடவா?" என்று கேட்கலாம். வேண்டாம் என்றால் "சரிக்கா" என்று விட்டுவிட வேண்டும், முகம் மாறக்கூடாது. சரி என்றால் அரை நிமிடம், சாதாரணக் குரலில், அவர் சொன்ன காரியத்துக்காக மட்டும் ஜெபியுங்கள். ஜெபத்துக்குள் பிரசங்கத்தை நுழைப்பது ஏமாற்று வேலை. கேட்காமல் தலையில் கைவைக்கவும் கூடாது. அப்புறம் மறக்காமல் அடுத்த வாரம் விசாரியுங்கள்: "பையனுக்குப் பரீட்சை எப்படிப் போச்சு?" ஜெபம் பண்ணுகிறேன் என்று சொல்லிவிட்டு மறந்துபோவதைப் போல் மரியாதைக் குறைவு வேறில்லை.

பிரசாத விஷயம் எல்லா வீட்டிலும் வரும். சில குடும்பங்கள் வாங்குவதில்லை, சில குடும்பங்கள் அதைப் பெரிதாக எடுப்பதில்லை. பவுலின் காலத்திலேயே கொரிந்து சபையில் இந்தச் சிக்கல் இருந்தது. நீங்கள் வாங்காதவராக இருந்தால் பண்டிகைக்கு முன்பே சொல்லிவிடுங்கள்: "படைச்சது மட்டும் எங்க வீட்டுல சாப்பிடுறதில்லக்கா, தப்பா நினைக்காதீங்க. தனியா எடுத்துவச்ச முறுக்கு எத்தனை தந்தாலும் சாப்பிடுவோம்." சிரித்துக்கொண்டு கையில் வாங்கி, உள்ளே கொண்டுபோய்க் குப்பையில் போடுவது மட்டும் கூடவே கூடாது. அது ஒருநாள் தெரிந்தே தீரும். அடுத்தவரின் தெய்வங்களைப் பற்றி ஏளனமாக ஒரு வார்த்தைகூட வேண்டாம் என்று தனியாகச் சொல்லத் தேவையில்லை என்று நினைக்கிறேன்.

அலுவலகத்தில் ஒரு எல்லையைக் கண்டிப்பாகப் பாருங்கள். உங்களுக்குக் கீழே வேலை செய்பவர், உங்களிடம் படிக்கும் மாணவர், உங்கள் கையால் மருந்து வாங்கும் நோயாளி, இவர்களால் உங்களிடம் "வேண்டாம்" என்று சுலபமாகச் சொல்ல முடியாது. அவர்களிடம் நீங்களாக ஆரம்பிக்காதீர்கள்.

சட்டம் என்ன சொல்கிறது? அரசியலமைப்பின் 25-ஆவது பிரிவு மதத்தைப் பின்பற்றவும் பரப்பவும் உரிமை தருகிறது. பரப்பும் உரிமை என்றால் ஒருவரை மதம் மாற்றும் உரிமை ஆகாது என்று உச்ச நீதிமன்றம் 1977-ல் ஸ்டானிஸ்லாஸ் வழக்கில் தீர்ப்பளித்தது. தமிழ்நாட்டில் 2002-ல் கொண்டுவந்த கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் பிறகு நீக்கப்பட்டது. ஆனால் உத்தரப் பிரதேசம், மத்தியப் பிரதேசம் போன்ற மாநிலங்களில் கடுமையான சட்டங்கள் உண்டு. அங்கே வேலைக்குப் போகிறவர்கள் இதை அறிந்திருக்க வேண்டும். பணம், வேலை, ஸ்கூல் சீட் எதையும் நம்பிக்கையோடு முடிச்சுப் போடாதீர்கள். சட்டம் இல்லாத ஊரிலும் அது தப்புதான்.

வாட்ஸ்அப்பில் காலை ஐந்து மணிக்கு வசனப் படம் அனுப்புவதைப் பற்றி: அலுவலகக் குழுவிலும் அடுக்குமாடிக் குழுவிலும் வேண்டாம். அவ்வளவுதான்.

7. நன்றி வராத காலத்தில்

"எல்லாவற்றிலேயும் ஸ்தோத்திரஞ்செய்யுங்கள்" என்பதைத் துக்க வீட்டில் போய்ச் சொல்கிறவர்கள் உண்டு. தயவுசெய்து வேண்டாம். பிள்ளையைப் பறிகொடுத்தவர் அந்தப் பறிகொடுத்தலுக்காக நன்றி சொல்ல வேண்டும் என்று அந்த வசனம் கேட்கவில்லை. 88-ஆம் சங்கீதத்தை வாசித்துப் பாருங்கள். தொடக்கம் முதல் முடிவுவரை புலம்பல், கடைசியில்கூட ஒரு ஸ்தோத்திரம் இல்லை. அதுவும் வேதத்தில்தான் இருக்கிறது. உங்களுக்கே அப்படி ஒரு காலம் வந்தால் நோட்டில் "இன்று ஒன்றும் இல்லை" என்று எழுதித் தேதி போடுங்கள். சாட்சி சொல்லக் கூப்பிட்டால் இப்போது வேண்டாம் ஐயா என்று சொல்லலாம். முடிந்தால் உங்களுக்காக நன்றி சொல்லும் சபையோடு சும்மா உட்கார்ந்திருங்கள்.

8. "நானும் உங்க கோயிலுக்கு வரட்டுமா?"

இந்தக் கேள்வி என்றைக்காவது ஒருநாள் வரும். வந்தால் பதற்றப்பட வேண்டாம். ஆராதனை எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம் என்று சொல்லுங்கள். வீட்டிலிருந்தே கூட்டிக்கொண்டு போங்கள். செருப்பை எங்கே விடுவது, ஆண்கள் பெண்கள் தனித்தனியாக உட்காரும் சபையா என்று முன்பே சொல்லிவிடுங்கள். முதல் வரிசையில் உட்காரவைக்காமல் நடுவில் பக்கத்தில் உட்காருங்கள், பாட்டு எண்ணை எடுத்துக் காட்டுங்கள். காணிக்கைப் பை வந்தால் போட வேண்டும் என்ற கட்டாயம் இல்லை என்று காதில் சொல்லுங்கள். புதியவர்களை எழுப்பி நிறுத்திக் கைதட்டும் வழக்கம் உங்கள் சபையில் இருந்தால், அவருக்கு அதில் விருப்பமா என்று முதலிலேயே கேட்டுப் போதகரிடம் சொல்லிவையுங்கள். திருவிருந்து நாளாக, அதாவது அப்பமும் ரசமும் பெறும் நாளாக இருந்தால், ஞானஸ்நானமும் திடப்படுத்தலும் பெற்றவர்கள்தான் முன்னால் போவார்கள் என்பதையும், அந்த நேரத்தில் இருந்த இடத்திலேயே இருக்கலாம் என்பதையும் விளக்குங்கள். நீங்களும் அன்றைக்கு அவரோடு பெஞ்சிலேயே இருந்துவிடலாமா என்று கேட்டால், போய்ப் பெற்றுக்கொண்டு வாருங்கள் என்பேன். ஐந்து நிமிடத்தில் திரும்பிவிடுவீர்கள், அவர் பார்க்க விரும்பி வந்ததும் அதைத்தான்.